கர்னல் ஆவணங்களில் களையெடுப்பு: 34 கோப்பில் தொடங்கி 7 பேட்ச்சில் முடிந்த கணக்கு

கடைசி பேட்ச் (செய்த திருத்தத்தை அஞ்சலில் அனுப்பும் கோப்பு) போன வாரம்தான் உள்ளே போனது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாங்கள் விழுந்த குழிகளாவது தெரிந்திருக்கட்டும்.

வேலை இதுதான்: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் மூலநிரலோடு கூடவே வரும் ‘டாக்குமென்டேஷன்’ அடைவுக்குள், இப்போது இல்லாத நிரலைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஆவணங்களைத் தேடி நீக்குவது. மூலநிரலின் வரலாற்றைக் காக்கும் கருவி கிட்; அதில் கோப்பை நீக்கும் ‘கிட் ஆர்எம்’ அடிக்க ஒரு நொடி போதும். அந்த ஆவணம் சொல்லும் சங்கதி கர்னலில் எங்குமே இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட, மூன்று பேர் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து ஆறு வாரம் ஆனது.

இயந்திரம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்களிடம் இருந்தது இரண்டு கோர் ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். வட்டில் இடம் இல்லை என்பதால் சென்னை ரிச்சி தெருவில் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 3,100 ரூபாய்க்கும், டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சொருக ஒரு கேடி (அதைத் தாங்கும் சட்டம்) 250 ரூபாய்க்கும் வாங்கினோம். மூலநிரல், அதன் வரலாறு, கட்டி எடுத்த எச்டிஎம்எல் எல்லாவற்றுக்குமாக 20 ஜிபி ஒதுக்கிவைத்தால் நிம்மதி.

முதல் தப்பு குளோன் (மூலநிரலின் நகல்) எடுத்ததிலேயே நடந்தது. டேட்டாவை மிச்சம் பிடிக்க ‘டெப்த் 1’ என்று கொடுத்து எடுத்தோம். கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன, வரலாறு வரவில்லை. ஒவ்வொரு வரியும் எப்போது மாறியது என்று சொல்லும் ‘கிட் பிளேம்’ போட்டால் எந்த வரியைக் காட்டினாலும் ஒரே கமிட் (வரலாற்றில் பதிவான ஒரு மாற்றம்), ஒரே தேதி. இந்த வேலைக்கு வரலாறுதான் மூலதனம். அது இல்லாமல் ஒன்றும் நகராது. அடுத்து ‘பிளாப் நன்’ ஃபில்டர் போட்டு எடுத்தோம். அதில் கமிட்டுகள் முழுசாக வரும், கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் கேட்கும்போது இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல் எந்தக் கமிட்டில் காணாமல் போனது என்று தேடும் ‘கிட் லாக்’கின் பெரிய எஸ் தெரிவைப் போட்டதும், வரலாறு நெடுக உள்ள உள்ளடக்கத்தை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கி லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது முறைதான், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, முழு குளோன் எடுத்தோம். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஒரு வார இறுதி மிச்சம்.

முழு வரலாறு என்றாலும் அது 2005 ஏப்ரலோடு நின்றுவிடும். கிட்டுக்கு மாறியபோது 2.6.12-ஆர்சி2 கர்னல் பதிப்பு மொத்தமும் ஒரே கமிட்டாக உள்ளே வந்தது. 1990-களில் எழுதிய ஆவணத்துக்கு ‘பிளேம்’ கேட்டால் அந்தக் கமிட்டைத்தான் காட்டும். அதைப் பார்த்து இதை எழுதியவர் கர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்தது பட்டியல். கடைசியாக மாற்றம் நடந்த தேதியை வைத்துக் கோப்புகளை வரிசைப்படுத்தி, அடியில் இருப்பவற்றை எடுத்தால் போதும் என்று நினைத்தோம். அரை நாள் வீண். 2016-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து கர்னல் ஆவணங்கள் டாக்புக், வெறும் உரை ஆகிய பழைய வடிவங்களிலிருந்து, ஆவணங்களை எச்டிஎம்எல்லாகக் கட்டித் தரும் ஸ்ஃபிங்க்ஸ் கருவிக்கு மாறத் தொடங்கின. 2019-இல் கர்னல் மேம்பாட்டாளர் மௌரோ கார்வால்யோ செஹாப் கொத்துக்கொத்தாக உரைக் கோப்புகளை ஸ்ஃபிங்க்ஸ் படிக்கும் ஆர்எஸ்டி வடிவத்துக்கு மாற்றினார். ஆகவே உள்ளே இருப்பது 1998-இன் சரக்காக இருந்தாலும் வெளியே தெரியும் தேதி 2019 என்றிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் உண்டு: பத்து வருடமாக யாரும் கைவைக்காத கோப்பு, வரிக்கு வரி சரியாக இருக்கும். தேதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பிறகு சொல் தேடல். லைலோ (பழைய பூட் லோடர்), டெக்நெட் (பழைய நெட்வொர்க் நெறிமுறை), ஐஏ64 (இட்டானியம் பிராசஸர் கட்டமைப்பு), 2.4 (பழைய கர்னல் பதிப்பு), ஃப்ளாப்பி என்று, சொல் தேடும் ‘கிட் கிரெப்’ அடித்து 34 கோப்புகளைச் சேர்த்தோம். இதிலும் பாதி பொய்ச் சந்தேகம். ஃப்ளாப்பி என்றதும் சிரிப்பு வரும்; ஆனால் ஃப்ளாப்பி ஓட்டி (டிரைவர்) கர்னலில் இன்றும் இருக்கிறது, அதன் ஆவணமும் இருக்கத்தான் வேண்டும். ‘2.4 முதல் இப்படி நடக்கிறது’ என்று ஒரு வரி இருந்தால் அது வரலாற்றுக் குறிப்பு, தவறு அல்ல. டெக்நெட் வேறு ரகம்: அந்த நிரலே 6.1 பதிப்பில் போய்விட்டது. ஐஏ64 கட்டமைப்பும் 6.7-இல் எடுக்கப்பட்டது. லைலோ நடுவில் நிற்கும் கேஸ். அதன் மேம்பாடு 2015 டிசம்பரில் நின்றுபோனது. ஆனால் லைலோவை உதாரணமாகக் காட்டும் ஒரு பத்தி இருப்பதற்காக முழு ஆவணத்தையும் தூக்க முடியாது, பத்தியைத் திருத்தினால் போதும். போகிக்குக் கொளுத்துகிற மாதிரி கைக்குக் கிடைத்ததையெல்லாம் குவித்துத் தீ வைக்கிற வேலை இல்லை இது. 34-இல் 15 இங்கேயே கழிந்தன.

மீதி 19-க்கு ஒரு விரிதாள் போட்டோம். நெடுவரிசைகள்: கோப்பு, அது சொல்லும் முக்கியக் கூற்று, நிரலில் தேடிய சொல், நிரலை நீக்கிய கமிட், அந்தக் கோப்பைச் சுட்டும் மற்ற இடங்கள், முடிவு. நான்காவது நெடுவரிசை காலியாக இருந்தால் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டோம். ‘நிரலில் கிடைக்கவில்லை’ என்பது நம் தேடலின் குறையாகவும் இருக்கலாம். ‘இந்தக் கமிட்டில் நீக்கினார்கள்’ என்பதுதான் சாட்சி. நீக்கிய கமிட்டைக் கண்டுபிடிக்க ‘கிட் லாக்’ கட்டளைக்கு ‘டிஃப் ஃபில்டர்’ தெரிவில் பெரிய டி கொடுத்து, ‘சம்மரி’யும் சேர்த்து, பழைய நிரல் கோப்பின் பாதையை இரட்டைக் கோட்டுக்குப் பின் கொடுக்க வேண்டும். அந்த இரட்டைக் கோட்டை விட்டால், இல்லாத பாதையை கிட் வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

அந்த விதி எங்களைக் காப்பாற்றிய இடம் பூட் அளவுருக்கள், அதாவது கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்புகள். ஓர் ஆவணத்தில் சொன்ன அளவுருவை அப்படியே தேடினோம். ஆவணத்தைத் தவிர வேறெங்கும் அகப்படவில்லை. செத்துப்போன அளவுரு என்று எழுதிவிட்டோம். நீக்கிய கமிட் மட்டும் கிடைக்கவே இல்லை. உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு சங்கதி தெரிந்தது. ஒன்று, கர்னல் அளவுருப் பெயர்களில் சிறுகோடும் அடிக்கோடும் ஒன்றுதான். ‘லாக்-பஃப்-லென்’ என்று எழுதினாலும் ‘லாக்_பஃப்_லென்’ என்று எழுதினாலும் கர்னல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிரெப்புக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. இரண்டு, மாட்யூல் (தனியாக ஏற்றக்கூடிய கர்னல் பகுதி) அளவுருக்களில் புள்ளிக்கு முன்னால் வரும் பெயர் நிரலில் எழுதப்பட்டிருக்காது. ‘யூஎஸ்பிகோர்.பிளிங்கன்லைட்ஸ்’ என்று முழுசாகத் தேடினால் சி கோப்புகளில் வராது. யூஎஸ்பி ஹப் நிரலில் இருப்பது ‘பிளிங்கன்லைட்ஸ்’ மட்டுமே. ‘யூஎஸ்பிகோர்’ என்பது நிரலைக் கட்டும் விதிகள் உள்ள மேக்ஃபைல் கொடுக்கும் மாட்யூல் பெயர். ஆகவே அளவுரு தேடும்போது புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். அதில் சிறுகோடு, அடிக்கோடு உள்ள இடங்களில் ‘எந்த எழுத்தும் வரலாம்’ என்ற குறியைப் போடுங்கள். மாட்யூல் அளவுரு, பெயர் மாற்றிய மாட்யூல் அளவுரு, செட்டப், எர்லி பேரம், கோர் பேரம் ஆகிய அறிவிப்பு மேக்ரோக்கள் எல்லாவற்றிலும் பாருங்கள். எங்கள் பட்டியலில் இப்படி உயிரோடு பாடையில் ஏறவிருந்த ஆவணங்கள் மூன்று.

இன்னொரு தப்பு, இதைவிடச் சங்கடமானது. ‘ஏபிஐ’ என்ற துணை அடைவில், கர்னல் வெளியே காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் போன்றவற்றின் குறிப்புகள் நான்கு அறைகளில் இருக்கும்: ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சலீட், ரிமூவ்டு. அப்சலீட் அறையைப் பார்த்ததும் வேலை சுலபம் என்று இரண்டு குறிப்புகளை நீக்கிவிட்டோம். அங்கே இருப்பவை ‘வழக்கொழியப் போகின்றன, ஆனால் இன்னும் இருக்கின்றன’ என்ற வகை. நிரல் நிஜமாகவே போன பிறகும் குறிப்பை அழிப்பதில்லை. ரிமூவ்டு அறைக்கு நகர்த்த வேண்டும். பழைய ஸ்கிரிப்ட் ஒன்று ஏன் திடீரென்று ஓடவில்லை என்று தேடி வருகிறவருக்கு அந்த அறைதான் பதில் சொல்லும். இரண்டு நீக்கங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டோம்.

இவையும், நான்காவது நெடுவரிசை நிரம்பாதவையும் போக 11 கோப்புகள் மிஞ்சின. நீக்கும் முன் அவற்றைச் சுட்டும் இடங்களைத் தேட வேண்டும். நாம் நினைக்காத மூலைகளில் எல்லாம் இருக்கும்: கர்னல் கட்டும் தெரிவுகளை விளக்கும் கேகான்ஃபிக் உதவி உரைகளில் ‘மேலும் விவரத்துக்கு’ என்ற வரி, சி கோப்புகளின் தலைக்குறிப்பு, எந்தப் பகுதியை யார் பராமரிக்கிறார் என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் எஃப் என்று தொடங்கும் பாதை வரிகள், சீனம், ஜப்பானியம், கொரியன், இத்தாலியம் என மொழிபெயர்ப்பு அடைவுகள். மொழிபெயர்த்த கோப்புகளின் தலையில் மூலக் கோப்பின் பாதை இருக்கும். ஆங்கிலக் கோப்பைத் தூக்கினால் அது அந்தரத்தில் நிற்கும்.

ஸ்ஃபிங்க்ஸ் எல்லாவற்றையும் எச்சரிக்கையாகக் காட்டிவிடும் என்று நம்பக் கூடாது. இன்டெக்ஸ் கோப்பின் டாக்ட்ரீயில் (உள்ளடக்கப் பட்டியலில்) நீக்கிய கோப்பின் பெயர் மிச்சம் இருந்தால் காட்டும். லேபிள் போட்டுச் சுட்டியிருந்தால் அதையும் காட்டும். ஆனால் கர்னல் ஆவணங்களில் பெரும்பாலும் கோப்பின் பாதையை வெறும் உரையாகத்தான் எழுதுவார்கள். கட்டும்போது ஒரு நீட்சி அதை இணைப்பாக மாற்றும். கோப்பு இல்லையென்றால் அந்த நீட்சி சத்தம் போடாமல் உரையாகவே விட்டுவிடும். எச்சரிக்கை ஏதும் வராது. இதற்காகவே ‘மேக் ரெஃப்செக்டாக்ஸ்’ இருக்கிறது. மூலநிரல் மரம் முழுவதையும் அலசி, இல்லாத ஆவணத்தைச் சுட்டும் பாதைகளை வரிசையாகக் கொடுக்கும். அதன் பின்னால் உள்ள ஸ்கிரிப்டுக்கு ‘ஃபிக்ஸ்’ என்ற தெரிவு உண்டு. ஆசைப்பட்டு அதையும் ஓட்டினோம். கோப்பு இடம் மாறியிருக்கும் என்ற ஊகத்தில் அதே பெயருள்ள வேறொரு கோப்பைத் தேடிப் பாதையை மாற்றும் கருவி அது. நீக்கிய கோப்புக்குப் பொருந்தாது. வேறு அடைவில் தற்செயலாக அதே பெயரில் இருந்த, சம்பந்தமே இல்லாத ஆவணத்துக்கு ஓர் உதவி உரையைத் திருப்பிவிட்டது. டிஃப்பை (முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை) கண்ணால் பார்த்ததால் தப்பித்தோம்.

மெயின்டெய்னர்ஸ் கோப்புக்குத் தனிச் சோதனை: ‘கெட் மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்டை ‘செல்ஃப் டெஸ்ட்’ தெரிவில் ‘பேட்டர்ன்ஸ்’ என்று ஓட்டினால், எந்தக் கோப்புக்கும் பொருந்தாத பாதை வரிகளைச் சொல்லிவிடும்.

ஆவணங்களை எச்டிஎம்எல்லாகக் கட்டுவது பற்றி. ஸ்ஃபிங்க்ஸைத் தனி பைத்தான் விர்ச்சுவல் சூழலில் நிறுவிக்கொள்வது நல்லது. உபுண்டுவோடு வருவதை நம்பினால் பதிப்புக்குப் பதிப்பு எச்சரிக்கை மாறும். ‘மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்’ முதல் ஓட்டம் எங்கள் லேப்டாப்பில் விடியற்காலை 31 நிமிடம். அதே கட்டளை, அதே மரம், அக்னி நட்சத்திர நாளில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி அறையில் 52 நிமிடம்; சூட்டில் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பிறகு எல்லா முழு ஓட்டமும் காலை ஆறு மணிக்கு முன்னால்தான். நேரத்தை மிச்சம் பிடிக்க ‘ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ்’ மாறியில் ஒரே ஓர் அடைவை மட்டும் கொடுத்துக் கட்டலாம். ஆனால் அந்த அடைவுக்கு வெளியே போகும் சுட்டல்கள் எல்லாம் பிழைபோலத் தெரியும். எழுத்துப்பிழை பார்க்க அது போதும், கடைசித் தீர்ப்புக்கு ஆகாது.

இன்னொரு கண்ணி கேஷ். ஸ்ஃபிங்க்ஸ் மாறிய கோப்புகளை மட்டும் திரும்பப் படிக்கும். மற்றவற்றின் எச்சரிக்கைகள் இரண்டாவது ஓட்டத்தில் காணாமல் போகும். எச்சரிக்கை பூஜ்யம் என்று ஒரு முறை மகிழ்ந்தது இதனால்தான். முறை இது: நீக்கும் முன் ‘மேக் கிளீன்டாக்ஸ்’, முழுக் கட்டல், பிழை வெளியீட்டை ஒரு கோப்பில் சேமிப்பது. நீக்கிய பின் திரும்ப ‘கிளீன்டாக்ஸ்’, முழுக் கட்டல், இன்னொரு கோப்பு. இரண்டையும் வரிசைப்படுத்தி டிஃப். ஏற்கெனவே இருக்கும் எச்சரிக்கைகள் நம் கணக்கில் வராது. புதிதாக முளைத்தவை மட்டும் நம்முடையவை.

11 கோப்புகளில் நான்கு, முழுசாகச் செத்தவை அல்ல. ஓட்டி போய்விட்டது, ஆனால் அந்த வன்பொருள் வகையைப் பற்றிய ஒரு பகுதி இன்னும் உள்ள ஓட்டிக்கும் பொருந்தும். முதலில் அந்தப் பகுதியை உரிய ஆவணத்துக்கு மாற்றுவதையும் பழையதை நீக்குவதையும் ஒரே பேட்ச்சில் செய்தோம். படிப்பவருக்கு எது நகர்ந்தது, எது அழிந்தது என்று பிரித்தறிய முடியவில்லை என்று நியாயமாகவே திருப்பிவிட்டார்கள். இரண்டாக உடைத்தோம்: முதல் பேட்ச் நகர்த்தல் மட்டும், சொல் மாற்றாமல், அடுத்தது நீக்கம் மட்டும். இந்த வேலையில் சலித்துப்போய், நான்கில் மூன்றை ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று ஒதுக்கிவிட்டதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேறு ஒன்றை, அதன் பராமரிப்பாளர் தானே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் விட்டோம்.

கமிட் செய்தியில் நீளம் வேண்டாம், மூன்று தகவல் வேண்டும். எந்த நிரலை ஆவணம் விவரிக்கிறது. அது எந்தக் கமிட்டில் போனது, 12 எழுத்து அடையாளமும் அடைப்புக்குறிக்குள் தலைப்பும். சுட்டல்களைத் தேடிச் சரிசெய்தாயிற்றா. ‘இது ரொம்பப் பழசு’ என்ற வாக்கியம் எங்கள் முதல் வரைவில் இரண்டு இடத்தில் இருந்தது. அதனால் எதுவும் நிரூபணமாவதில்லை, எடுத்துவிட்டோம். பழைய கர்னல் ஓட்டுகிறவர் என்ன செய்வார் என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆவணம் மூலநிரலோடு சேர்ந்தே பயணிக்கிறது, 5.10 மரத்தில் 5.10-இன் ஆவணம் அப்படியே இருக்கும். அதனாலேயே இந்த நீக்கங்களை, பழைய பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைகளுக்கு அனுப்பக் கூடாது.

பேட்ச் உருவாக்கும்போது நடந்த விபத்தைச் சொல்லியாக வேண்டும். 600 வரிக் கோப்பை நீக்கினால் பேட்ச்சில் 600 கழித்தல் வரிகள் வரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ‘ஃபார்மட் பேட்ச்’சுக்குப் பெரிய டி தெரிவைக் கொடுத்தோம், நீக்கிய கோப்பின் தலைப்பு மட்டும் வந்து, பேட்ச் குட்டியானது. அது கண்ணால் படிக்க மட்டும் உதவும் வடிவம். திரும்பப் பொருத்த முடியாது. கிட்டின் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. அனுப்பியது மூன்று பேட்ச், ஒன்றும் பொருந்தவில்லை. இப்போது அனுப்பும் முன், சுத்தமான இன்னொரு ஒர்க்ட்ரீயில் (மூலநிரலின் தனிப் பிரதியில்) ‘கிட் ஏஎம்’ ஓட்டிப் பொருத்திப் பார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை.

பேட்ச்சைச் சோதிக்கும் ‘செக் பேட்ச்’ ஸ்கிரிப்டை ஓட்டினால், கோப்பு நீங்கியிருக்கிறதே, மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திருத்த வேண்டாமா என்று எச்சரிக்கும். செல்ஃப் டெஸ்ட் சுத்தமாக இருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

மின்னஞ்சல் பாடு தனி. எச்டிஎம்எல் அஞ்சல் ஏற்கப்படாது. அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினால் அடியில் ‘இது ரகசியம்’ என்ற பத்தி தானாக ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆகாது. ஜிமெயில் என்றால் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுத்து, ‘கிட் சென்ட் ஈமெயில்’ அமைப்பில் போட வேண்டும். அஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி போர்ட்டை அடைத்துவைத்திருக்கும் இணைப்பில் ‘பி4’ கருவியின் இணையவழி அனுப்புதல் கைகொடுக்கும். யாருக்கு அனுப்புவது என்று ‘கெட் மெயின்டெய்னர்’ சொல்லும். அனாதையான பகுதிகளுக்கு ஆவணப் பராமரிப்பாளர் ஜானதன் கார்பெட்டும் பொதுக் குழுவும்தான் வரும். நிரலை நீக்கியவரின் முகவரியை நாமே சேர்ப்பது நல்லது. ஆமாம், நிரலோடு இந்த ஆவணமும் போக வேண்டியதுதான் என்று சொல்லத் தகுதியான ஆள் அவர். பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைக் கர்னலில் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் இரண்டாவது தொகுப்பு சரியாக அதில் போய் மாட்டியது.

அனுப்பிய 7 நீக்கல் பேட்ச்சில் 6 ஏற்கப்பட்டன. ஏழாவது நிராகரிக்கப்பட்டது. ஆவணம் காட்டிய கருவி இப்போது இல்லை, அதை நிரூபித்திருந்தோம். ஆனால் அதே ஆவணத்தின் பின்பாதியில் இருந்த வட்டு வடிவ விளக்கம் வேறெங்கும் எழுதப்படவில்லை, அந்த வடிவத்தைக் கர்னல் இன்றும் படிக்கிறது. நாங்கள் முதல் பக்கத்தின் கூற்றை மட்டும் விரிதாளில் ஏற்றியிருந்தோம். ஒரு கோப்புக்கு ஒரு கூற்று என்று வரிசை போட்டதன் கூலி. இப்போது தலைப்புக்கு ஒரு வரிசை.

செலவு: 3,350 ரூபாய், சுமார் 95 மனித மணி நேரம். அதில் 60 தேடலுக்கும் நிரூபணத்துக்கும், 15 கட்டிப் பார்ப்பதற்கு, 12 பேட்ச் எழுத, மீதி பதில் கடிதங்களுக்கு.

அடுத்த முறை திசையையே மாற்றுவதாக இருக்கிறோம். ஆவணத்திலிருந்து நிரலுக்குப் போனதால்தான் 34-இல் 27 வீணாயின. நிரலிலிருந்து ஆவணத்துக்கு வர வேண்டும்: இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் நீக்கப்பட்ட ஓட்டிக் கோப்புகளின் பட்டியலை முதலில் எடுப்பது, அவற்றின் கேகான்ஃபிக் பெயர், மாட்யூல் பெயர், அளவுருப் பெயர்களைப் பிரித்து ஒரு கோப்பில் வைப்பது, அந்தக் கோப்பைக் கொடுத்து டாக்குமென்டேஷன் அடைவில் கிரெப் ஓட்டுவது. நீக்கிய கமிட் கையில் இருக்கும்போதே தேடல் தொடங்கும். ஒரு பதிப்புக்குச் சோதித்துப் பார்த்ததில் 40 நிமிடத்தில் மூன்று வேட்பாளர்கள் கிடைத்தார்கள். மூன்றிலும் நான்காவது நெடுவரிசை நிரம்பியிருக்கிறது. ஆர்சி1 (அடுத்த பதிப்பின் முதல் சோதனை வெளியீடு) வந்ததும் அனுப்ப வேண்டும்.